ரீல்ஸை எல்லாம் அழிக்கட்டுமா, மேடம்?

கேள்வி: வணக்கம் மேடம். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். எம்.பி.பி.எஸ்.ஸும் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாய ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஸ்டெப் 1 பாஸ். ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண்ணும் வந்துவிட்டது. வரும் செப்டம்பரில் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனைகள் 'புரோகிராம்' என்று நடத்தும் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிறேன். இன்ஸ்டாகிராமில் என்னை 14 ஆயிரம் பேர் ஃபாலோ செய்கிறார்கள். சி.ஆர்.ஆர்.ஐ. காலத்து டூட்டி ரீல்ஸ், சமையல், எங்கள் ஊர்க் கோயில் கொடை என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு சீனியர், "எல்லாத்தையும் அழிச்சிரு, புரோகிராம் டைரக்டர் தேடிப் பார்ப்பார்" என்கிறார். இன்னொருவர், "எக்ஸில் புதுசா கணக்கு தொடங்கு, எல்லா புரோகிராமையும் ஃபாலோ பண்ணு, தினமும் கமென்ட் போடு, உன் பேர் மனசுல நிக்கும்" என்கிறார். ஒரு கன்சல்டன்ட், ஆன்லைன் பிராண்டிங் என்று தனியாகப் பணம் கேட்கிறார். போன வாரம் ஒரு புரோகிராம் என் கமென்டுக்கு லைக் போட்டது. அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? அவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் எல்லா ஊரும் சொர்க்கமாகத் தெரிகிறது. எதை நம்புவது? அம்மா, "போனையே தூக்கிப் போடு" என்கிறாள்.

பதில்: முதலில் அந்த லைக். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மனசு அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று படித்தவுடன் தெரிந்தது. எங்கள் புரோகிராமின் இன்ஸ்டாகிராம் கணக்கை நடத்துவது இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட் ஒருவர். காபிக்கு வரிசையில் நிற்கும்போது போனைத் திறப்பார், வந்திருக்கும் கமென்ட் அத்தனைக்கும் மளமளவென்று இதயத்தைத் தட்டுவார், மூடி பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். யார் எழுதியது என்றுகூடப் பார்க்க மாட்டார். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு எங்கள் புரோகிராம் டைரக்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்கு வந்த லைக்கும் அநேகமாக இப்படி ஒரு காபி வரிசையில் பிறந்ததுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், பெரிய நகரமும் இல்லாத சிற்றூரும் இல்லாத ஓர் ஊர். அங்குள்ள மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் அசோசியேட் புரோகிராம் டைரக்டராக இருக்கிறேன். மதுரையில் படித்து, உங்களைப் போலவே ஐ.எம்.ஜி.யாக, அதாவது வெளிநாட்டில் மருத்துவம் படித்தவளாக, வந்தவள். எங்கள் காலத்தில் நேர்காணலுக்கு ஊர் ஊராகப் பஸ்ஸில் போனோம். மதியச் சாப்பாட்டில் ரெசிடென்ட்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தை வைத்தே அந்த இடம் எப்படி என்று கணித்துவிடுவோம். டைரக்டர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோனால் ஒரு கணக்கு, அவரையும் சேர்த்துக்கொண்டு சிரித்தால் இன்னொரு கணக்கு.

2020-ல் கொரோனா அதைப் பறித்தது. மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி., நேர்காணல்களை எல்லாம் ஆன்லைனில் நடத்தச் சொன்னது. வேறு ஊருக்குப் போய் ஒரு மாதம் வேலை பார்த்துக் காட்டும் அவே ரொட்டேஷனும் முடங்கியது. மாணவர்களுக்கு இடத்தைக் காட்ட வேறு வழியில்லாமல் புரோகிராம்கள் கூட்டம் கூட்டமாக இன்ஸ்டாகிராமுக்கும் ட்விட்டருக்கும் வந்தன. ஆன்லைன் ஓபன் ஹவுஸ், ஒரு ரெசிடென்ட் ஒரு நாள் முழுக்கக் கணக்கை எடுத்து நடத்தும் 'டேக்ஓவர்', காலை ஆறு மணி கையளிப்பிலிருந்து இரவு வீடு திரும்பும் வரைக்கும் வீடியோ என்று எல்லாம் அப்போது சூடுபிடித்தவைதான். கொரோனா போன பிறகும் நேர்காணல்கள் பெரும்பாலும் ஆன்லைனிலேயே தங்கிவிட்டன. அதனால் இந்தக் கணக்குகளும் தங்கிவிட்டன.

இதற்கிடையில் 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான் என்று ஆனது. முன்பு 250-க்கு மேல் எடுத்த ஐ.எம்.ஜி. அந்த எண்ணை வைத்தே கதவைத் தட்டலாம். அந்த எண் போனதும், தன்னைத் தனியாகக் காட்ட வேறு ஏதாவது வேண்டுமே என்ற தவிப்பு வந்தது. விண்ணப்பதாரர்களையும் புரோகிராம்களையும் அவரவர் விருப்ப வரிசைப்படி இணைக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர். 2025 மேட்சில், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐ.எம்.ஜி.க்களில் முதலாண்டு இடம் கிடைத்தது 100-க்கு 58 பேருக்கு. அங்கேயே படித்த எம்.டி. (அங்கே அது நம் எம்.பி.பி.எஸ். போன்றது) மாணவர்களுக்கு 93-க்கும் மேலே. இந்த இடைவெளியில்தான் உங்கள் கன்சல்டன்ட் கடை போட்டிருக்கிறார். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

சரி, தேடிப் பார்ப்போமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு இரண்டு பதில் உண்டு.

ஒரு பருவத்தில் எங்களுக்குச் சில ஆயிரம் விண்ணப்பங்கள் வரும். இடம் ஒரு டஜனுக்குச் சற்று மேலே. விண்ணப்பத்தையே முழுதாகப் படிக்க நேரம் போதாது, இதில் இன்ஸ்டாகிராமை எங்கே பார்ப்பது? நேரம் இருந்தாலும் எங்கள் மருத்துவமனையில் தடை இருக்கிறது. ஒருமுறை, விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும் ரேங்க் லிஸ்ட் கூட்டத்தில் ஒரு மூத்த டாக்டர், ஒரு விண்ணப்பதாரரின் பெயரைத் தன் போனில் தட்ட ஆரம்பித்தார். எங்கள் கோ-ஆர்டினேட்டர் அம்மா அவர் கையிலிருந்து போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். காரணம் எளியது. நேர்காணலில் உங்கள் மதத்தையோ, கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை பெற்றுக்கொள்ளப் போகிறீர்களா என்பதையோ நாங்கள் கேட்கக் கூடாது. 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்திலிருந்தே வரும் கட்டுப்பாடு இது, மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி.யின் விதிகளிலும் இருக்கிறது. உங்கள் பக்கத்தைத் திறந்தால் கேட்கக் கூடாதது எல்லாம் கேட்காமலே கண்ணில் விழும். நெற்றியில் திருநீறு, பக்கத்தில் மாப்பிள்ளை, வளைகாப்புப் படம். பார்த்துவிட்ட பிறகு, "அதை நான் கணக்கில் எடுக்கவில்லை" என்று எந்த டாக்டர் சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது பதில், எல்லா இடத்திலும் அப்படி ஒரு கோ-ஆர்டினேட்டர் அம்மா இருக்க மாட்டார். தேர்வுக் கமிட்டி பார்க்காவிட்டாலும் ரெசிடென்ட்கள் பார்ப்பார்கள். நாளைக்கு ராத்திரி டூட்டியில் பக்கத்தில் உட்காரப்போகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? அவர்கள் பார்த்ததும் எப்படியோ காற்றில் கலந்து கமிட்டியின் காதுக்கு வந்துவிடும். ஆகவே யாரோ பார்ப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்க்கிறவர் எதைத் தப்பாக எடுத்துக்கொள்வார்? உங்கள் சீனியரின் பயம் இங்கேதான் திசை மாறிப் போகிறது என்று நினைக்கிறேன்.

2020 ஜூலையில் நடந்த ஒரு கூத்து உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஜர்னல் ஆஃப் வாஸ்குலர் சர்ஜரி என்ற மதிப்புமிக்க இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இளம் வாஸ்குலர் (ரத்தக்குழாய்) சர்ஜன்களின் சோஷியல் மீடியா பக்கங்களை, அதற்கென்றே உருவாக்கிய கணக்குகள் வழியாகப் போய்ப் பார்த்து, எது தொழிலுக்குத் தகாதது, எது தகாததாக இருக்கலாம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். கையில் மதுக் கோப்பை, நீச்சல் உடை, அரசியல் கருத்து எல்லாம் பட்டியலில் இருந்தன. பெண் மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். மெட்பிகினி என்ற ஹாஷ்டேகில் நீச்சல் உடைப் படங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இதழ் மன்னிப்புக் கேட்டுக் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு, கடற்கரையில் எடுத்த படத்தைக் காட்டி ஒருவரைக் கீழே இறக்க நினைப்பவர் கூட்டத்தில் வாயைத் திறக்கவே யோசிப்பார்.

ஆகவே கொடையில் நீங்கள் ஆடிய ஆட்டம் அப்படியே இருக்கட்டும். சமையல் இருக்கட்டும். தோழிகளோடு குற்றாலத்தில் நனைந்தது இருந்தாலும் இருக்கட்டும்.

எது வேலையைப் பறிக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2018-ல் ஓஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்தின் புகழ்பெற்ற மருத்துவமனை ஒன்றில் ஒரு முதலாண்டு ரெசிடென்ட் சேர்ந்த சில மாதங்களிலேயே வெளியேற்றப்பட்டார். மாணவியாக இருந்த வருடங்களில் யூதர்களைப் பற்றி அவர் எழுதிய ட்வீட்டுகள் வெளியே வந்திருந்தன. நோயாளிக்குத் தப்பான மருந்து கொடுப்பேன் என்ற பொருளில் ஒன்றும் அதில் இருந்தது. மன்னிப்புக் கேட்டார், பலிக்கவில்லை. பின்னால் அந்த மாநிலத்தில் அவருடைய பயிற்சிச் சான்றிதழும் போனது. ஒரு கூட்டத்து மனிதர்கள் இவரிடம் சிகிச்சைக்கு வந்தால் பத்திரமாக இருப்பார்களா என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் அதற்கு மேல் விளக்கம் எடுபடாது. சாதி, மதம் பற்றிப் பழைய ஃபேஸ்புக் சண்டை எதிலாவது நீங்கள் வார்த்தையை விட்டிருந்தால் தேடி எடுத்துவிடுங்கள். தமிழில்தானே எழுதினோம் என்று இருக்காதீர்கள். மொழிபெயர்க்க ஒரு பொத்தான் போதும். அதுவும் வேண்டாம், என்னைப் போல் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது டூட்டி ரீல்ஸ். உங்கள் கடிதத்தில் எனக்கு நெஞ்சைப் பிசைந்தது இந்த ஒரு சொல்தான். உங்கள் பக்கத்தை நான் திறந்து பார்க்கவில்லை. சி.ஆர்.ஆர்.ஐ. ரீல்ஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி மூன்று மணி, அரசு மருத்துவமனை வார்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டுக்கு வாயசைப்பு. பின்னால் மங்கலாக ஒரு கட்டில், கட்டிலில் ஒரு ஆத்தா. இன்னொன்றில் எக்ஸ்ரே, "இதைக் கண்டுபிடிங்க பார்ப்போம்" என்ற தலைப்போடு. மூலையில் பெயரும் ஓ.பி. எண்ணும் தெரியும். இன்னொன்றில் லேபர் வார்டு, அப்போதுதான் பிறந்த குழந்தை. எடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. முப்பத்தாறு மணி நேரம் நின்ற களைப்பில், நானும் டாக்டராகிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எடுத்தது.

ஆனால் அதைப் பார்க்கும் எங்கள் கண் வேறு விதமாகப் பழகியது. இங்கே 1996-ல் வந்த, நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் கீழ், ஒரு தகவலிலிருந்து நோயாளியின் அடையாளத்தை நீக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள 18 வகை விவரங்களை எடுக்க வேண்டும் என்று ஒரு வழிமுறை இருக்கிறது. பெயர் அதில் ஒன்றுதான். அனுமதித்த தேதி, ஊர், முகம், மருத்துவப் பதிவு எண் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. "நேற்று ராத்திரி எங்கள் வார்டுக்கு ஒரு அதிசயக் கேஸ் வந்தது" என்று நீங்கள் எழுதினால், உங்கள் பக்கத்தில் மருத்துவமனை பெயரும் இருந்தால், நேற்று ராத்திரி யார் அனுமதியானார் என்று அந்த ஊருக்கே தெரியும். திருநெல்வேலியில் எடுத்த ரீலுக்கு ஹிப்பா பொருந்தாதுதான். ஆனால் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு, ஜூலையில் வேலைக்குச் சேர்ந்ததும் இவர் எங்கள் வார்டிலும் போனைத் தூக்குவார் என்றுதான் தோன்றும். எங்களுக்கு அது வழக்கு, அபராதம், பத்திரிகைச் செய்தி. அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவோம். ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லப்போவதும் இல்லை.

நம் ஊரிலும் இது விதியில்லாத காடு கிடையாது. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று 2002-ன் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகளில் சோஷியல் மீடியாவுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. நோயாளியின் படம், ஸ்கேன் போடுவது, பணம் கொடுத்து ஃபாலோயர் வாங்குவது எல்லாம் தடை. வேறு காரணங்களுக்காக எதிர்ப்பு வந்து, அதே மாதம் அந்த விதிகளையே நிறுத்தி வைத்தார்கள். பழைய விதி நிற்கிறது. அது எப்படியோ போகட்டும். அந்தக் கட்டிலில் படுத்திருந்த ஆத்தா 14 ஆயிரம் பேர் பார்க்கச் சம்மதித்தாரா? உங்கள் பாட்டியாக இருந்தால் விட்டிருப்பீர்களா?

நோயாளி, நோயாளியின் உடல், ஸ்கேன், கேஸ் ஷீட், பின்னணியில் தெரியும் கட்டில் எதுவாக இருந்தாலும் அந்த ரீலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆர்கைவில் போட்டு ஒளித்து வைக்காதீர்கள், நீக்கிவிடுங்கள். நண்பர்களின் பக்கத்தில் உங்களை டேக் செய்தவை இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கும் நல்லது.

கணக்கையே மூடிவிடலாமே என்றால், அங்கே விசா குறுக்கே நிற்கிறது. 2019 முதல் அமெரிக்க விசாப் படிவத்தில், கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சோஷியல் மீடியா கணக்குகளின் பெயர்களை எழுத வேண்டும். 2025 ஜூனிலிருந்து எஃப், எம், ஜே விசா கேட்பவர்கள் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி பப்ளிக்காக வைக்கவும் சொல்கிறார்கள். விசாவில் வரும் ஐ.எம்.ஜி.க்களில் பெரும்பாலோர் வருவது பயிற்சிக்கான ஜே-1-ல்தான். 2025 டிசம்பரில் இதே விதியை எச்-1பி-க்கும் நீட்டிவிட்டார்கள். ஆகவே நீங்கள் இப்போது மூடும் கணக்கின் பெயரையும் அப்போது எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டு, அது தெரியவந்தால் மறைத்தவர் என்ற பெயர் வரும். புரோகிராமுக்குப் பயந்து பூட்டியதை, மேட்ச் ஆன பிறகு தூதரகத்துக்காகத் திறக்க வேண்டியிருக்கும். திறந்தே கிடந்தால் எனக்குச் சங்கடமாக இருக்குமா என்று ஒவ்வொரு பதிவையும் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுவதுதான் வசதி. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நம்பாதீர்கள்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இன்ஸ்டாகிராமைவிட என்னைப் பயமுறுத்துவது டெலிகிராம் குழுக்கள்தான். ஸ்டெப் தேர்வுக் கேள்விகளை நினைவிலிருந்து எழுதிப் பகிரும் 'ரீகால்' குழுக்கள். 2024 ஜனவரி கடைசியில், நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் பலரின் மதிப்பெண்களை, ஸ்டெப் தேர்வை நடத்தும் யு.எஸ்.எம்.எல்.இ. அமைப்பு செல்லாது என்று அறிவித்தது. கேள்விகள் முன்கூட்டியே பகிரப்பட்டிருந்தன என்பது அவர்கள் தரப்பு. மேட்சுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அந்தப் பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட குழு ஏதாவது ஒன்றில் உங்கள் எண் இருந்தால், சும்மா எட்டிப் பார்க்கத்தான் சேர்ந்தேன் என்றாலும் சரி, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன் வெளியே வந்துவிடுங்கள்.

இனி அந்தச் சொர்க்கங்களைப் பற்றி. எங்கள் புரோகிராமின் கதையையே சொல்கிறேன், பெயரைத்தான் சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி ராத்திரி, இன்டர்ன்கள் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல். டூட்டிப் பட்டியல் சிதறிப்போனது. மாற்று ஆள் ஏற்பாடு செய்ய வேண்டிய நாங்கள் கோட்டைவிட்டோம். மீதி இருந்தவர்கள் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்தார்கள். குற்ற உணர்ச்சியில் நான் பீட்சா வாங்கி அனுப்பினேன். மறுநாள் இன்ஸ்டாகிராமில் அந்தப் பீட்சாப் படம் வந்தது, "எங்கள் குடும்பம்" என்ற தலைப்போடு. படத்தில் சிரிக்கும் ஐந்து பேரில் இருவர் அந்த ராத்திரி அழுதவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை, பீட்சா உண்மைதான்.

அதனால் படத்தில் இருப்பதைப் பார்த்து முடித்ததும், இல்லாததையும் பாருங்கள். ஒரு வருடப் பதிவுகளைக் கீழே வரை இழுத்துப் பார்த்தால் அதே நான்கு முகங்கள்தான் வருகின்றனவா? சீஃப் ரெசிடென்ட்கள் மட்டும் இருந்து இன்டர்ன்கள் காணோமா? மார்ச்சில் மேட்ச் நாள் கொண்டாட்டப் படத்தில் வரவேற்ற முகங்கள் அடுத்த வருடமும் இருக்கின்றனவா? நடுவில் ஒருவர் சத்தமில்லாமல் மறைந்திருந்தால் அது கேட்கத் தகுந்த கேள்வி. உங்களைப் போல் இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ நைஜீரியாவிலோ படித்தவர்கள் எத்தனை பேர்? முடித்தவர்கள் எந்த ஃபெலோஷிப்புக்குப் போனார்கள்? செப்டம்பரில் தினமும் பதிவு போட்டு, பிப்ரவரியில் செத்துப்போகும் கணக்கு என்றால் அது விளம்பரப் பலகை. மலைப் படம், ஏரிப் படம், சாப்பாட்டுக் கூப்பன் இதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. வாரத்துக்கு 80 மணி நேரம் வரை வேலை செய்யும் வருடத்தில் ஏரியை எத்தனை முறை பார்ப்பீர்கள்?

பிறகு படத்தை மூடிவிட்டு, சலிப்பூட்டும் இடங்களுக்குப் போங்கள். இன்டர்னல் மெடிசினுக்குத் தகுதித் தேர்வு நடத்தும் போர்டான ஏ.பி.ஐ.எம்., ஒவ்வொரு புரோகிராமிலும் முடித்தவர்களின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.இ.யின் தளத்தில் ஒரு புரோகிராமின் அங்கீகார நிலை தெரியும். அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் ஃப்ரீடா பட்டியலில் இடங்கள், விசா போன்ற விவரங்கள் கிடைக்கும். உங்களுக்கு முதல் கேள்வியே ஜே-1 மட்டுமா, எச்-1பி-யும் உண்டா என்பதுதான். அந்த விவரத்தை டேக்ஓவர் வீடியோவில் தேடினால் கிடைக்காது.

சோஷியல் மீடியா உங்களுக்கு உருப்படியாக உதவும் ஒரே இடம் ஆள் கண்டுபிடிப்பது. புரோகிராமின் படங்களில் ஒரு ஐ.எம்.ஜி. முகம் தெரிந்தால், அவருக்கு மரியாதையாக நான்கு வரி எழுதுங்கள். "மேடம், எனக்கு ஏதாவது உதவி பண்ண முடியுமா?" என்று எழுதினால் பதில் வராது. அவருக்கு அந்த வாரம் அதுபோல் நாற்பது வந்திருக்கும். "போன மாதம் உங்களுக்கு எத்தனை நாள் முழு விடுமுறை கிடைத்தது?", "காய்ச்சல் வந்தால் உங்கள் இடத்தில் யார் வருவார்?" என்று திட்டமாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை எங்கள் ரெசிடென்ட்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று இப்போது உங்களுக்கே தெரியும். பதில் சொன்னவரிடம் சிபாரிசு கேட்டுவிடாதீர்கள், நட்பு அதோடு முடிந்துவிடும். அப்புறம், புரோகிராம் சார்பில் பேசும் யாராவது டி.எம்.மில் வந்து, "வேறு எங்கே நேர்காணல் கிடைத்தது, எங்களை எத்தனையாவதாக வைப்பீர்கள்?" என்று விசாரித்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. என்.ஆர்.எம்.பி. விதிப்படி அவர்கள் அதைக் கேட்கவே கூடாது. சிரித்து, பேச்சை மாற்றிவிடுங்கள். உங்கள் ரேங்க் லிஸ்டை உங்களுக்குப் பிடித்த வரிசையில் போடுங்கள். மேட்சின் கணக்குமுறை விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்துதான் ஓடுகிறது. யாரோ ஆசை வார்த்தை சொன்னார்கள் என்று வரிசையை மாற்றினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

உங்கள் மீது எனக்கு ஆர்வம் இருக்கிறது என்று ஒரு புரோகிராமுக்குச் சொல்ல, கமென்ட்டைவிட நல்ல வழி இருக்கிறது. விண்ணப்பத்திலேயே சிக்னல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்டர்னல் மெடிசினில் இப்போது மிகவும் விரும்பும் இடங்களுக்குத் தங்கம் 3, அடுத்த இடங்களுக்கு வெள்ளி 12. நாங்கள் விண்ணப்பங்களை வடிகட்டும்போது திரையில் தெரிவது அந்தச் சிக்னல்தான். தினமும் கமென்ட் போடச் சொன்ன உங்கள் நண்பரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்: எங்கள் கணக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கைதட்டும் படம் போடும் பன்னிரண்டு பேர் உண்டு, அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எக்ஸில் கணக்கு வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த ஆய்வுக் கட்டுரையைப் பற்றி எழுத உங்களுக்கே ஆசை இருந்தால் அது வேறு, நாலு நல்லவர்கள் பழக்கமாவார்கள். மேட்சுக்காக என்று தொடங்கும் கணக்கு, பார்த்தவுடனே அப்படித் தெரிந்துவிடும். அந்த மணி நேரத்தைப் பர்சனல் ஸ்டேட்மென்டுக்கும், உங்களை நேரில் பார்த்த டாக்டர் ஒருவரின் நல்ல சிபாரிசுக் கடிதத்துக்கும் கொடுங்கள்.

அம்மாவிடம் போனைக் கொடுக்க வேண்டாம். இன்று ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து வார்டு ரீல்ஸை மட்டும் எடுத்துவிடுங்கள், போதும். சமையல் ரீல்ஸில் சொதி இருக்கும் என்று நினைக்கிறேன், நெல்லைக்காரர்கள் அதை விட்டுவைக்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் பொழுதுபோக்குக்கு ஒரு பகுதி இருக்கிறது. அதில் வெறுமனே 'குக்கிங்' என்று எழுதாமல், உங்கள் வீட்டுச் சொதியைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். நேர்காணலில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஒருத்தி கண்டிப்பாக அதைத்தான் கேட்பாள். தேங்காயின் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் வித்தியாசத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நான் முயன்று பார்த்தேன், கொஞ்சம் கஷ்டம்தான்.